இருபது சொச்சம் விமானங்களை வைத்துக்கொண்டு ஸ்ரீலங்கன் எப்படி மெல்போர்ன் வரை பறக்கிறது?

கேள்வி இதுதான்: திருச்சியிலிருந்து மெல்போர்னுக்கு டிக்கெட் தேடினால் கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் காட்டுகிறது. இரண்டே கால் கோடிப் பேர்கூட இல்லாத நாட்டின் விமான நிறுவனம் லண்டன், பாரிஸ், டோக்கியோ, ஆஸ்திரேலியா என்று போகிறதே, அவர்களிடம் எத்தனை விமானம் இருக்கிறது, எல்லாமே கொழும்பிலிருந்துதானா, இவ்வளவு ஊருக்குப் போயும் ஏன் எப்போது பார்த்தாலும் நஷ்டம் என்றே செய்தி வருகிறது?

நான் திருச்சியில் டிக்கெட் போடும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். எங்கள் ஊரில் கொழும்பு விமானத்தை வெளிநாட்டு விமானமாகவே யாரும் நினைப்பதில்லை. திருச்சியிலிருந்து கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் 420 கிலோமீட்டருக்குள்தான். மதுரையிலிருந்து இன்னும் கிட்டம், 350 சொச்சம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள். அதனால் உங்கள் கேள்விக்கு நான் மேலிருந்து பார்த்துப் பதில் சொல்ல முடியாது. டிக்கெட் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கையை முடித்துவிடுவோம். அவர்களிடம் இருப்பவை எல்லாமே ஏர்பஸ், ஒரு போயிங்கூட கிடையாது. இரண்டே குடும்பம். ஒன்று ஏ320, ஏ321 என்ற ஒற்றை நடைபாதை விமானங்கள், அவற்றிலேயே பழைய இயந்திரம் போட்டவையும் நியோ என்கிற புது இயந்திரம் போட்டவையும் கலந்து இருக்கின்றன. இன்னொன்று ஏ330 என்ற இரட்டை நடைபாதைப் பெரிய விமானங்கள், அதில் ஏ330-200 என்ற குட்டையான பழையவை சில, 2014, 2015-இல் புதிதாக வந்த ஏ330-300 ஏழு. மொத்தம் இருபது சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை முடிந்து ஒன்று போகும், வேறொன்று வரும், இயந்திரம் கிடைக்காமல் ஒன்றிரண்டு கட்டுநாயக்கவில் சும்மா நிற்கும், ஆக இன்றைக்குச் சரியாக எத்தனை பறக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். பெரும்பாலானவை சொந்தம் இல்லை, வாடகை. இந்த வாடகை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இதை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை ஊர் என்றால், ஹப் என்ற கணக்குதான். விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் இறங்குகிறவர்களை மட்டும் நம்பி அத்தனை ரயில் அங்கே நிற்பதில்லை, நாலு திசையிலிருந்து வருகிறவர்கள் அங்கே மாறிப் போகிறார்கள். கொழும்பும் அப்படித்தான். ஒரு ஏ330-300-இல் 297 இருக்கை. கொழும்பிலிருந்து லண்டனுக்குத் தினமும் 297 இலங்கைக்காரர்கள் போக மாட்டார்கள், சுற்றுலாக் காலம் இல்லாதபோது நிச்சயம் இல்லை. அதனால் மாலேயிலிருந்து கொஞ்சம் பேர், சென்னையிலிருந்து கொஞ்சம் பேர், திருச்சி, மதுரை, திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூரு என்று அள்ளிக்கொண்டு வந்து பெரிய விமானத்தில் கொட்டுகிறார்கள். சின்ன விமானம் வாய்க்கால், பெரிய விமானம் ஏரி.

திருச்சி விமானத்தில் ஏறிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். நான் ஒருமுறை போனபோது எனக்கு இடப்பக்கம் இருந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், தம்மாமுக்கு வேலைக்குப் போகிறார், கையில் பாஸ்போர்ட்டும் இரண்டு போர்டிங் பாஸும், கொழும்பில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை ஏஜெண்ட் ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுத்திருந்தார். முன்வரிசையில் பாரிஸிலிருந்து ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்து திரும்புகிற யாழ்ப்பாணக் குடும்பம், பையன் பிரெஞ்சிலே அடம் பிடிக்கிறான், அப்பம்மா தமிழிலே அதட்டுகிறார். பின்னால் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிற இரண்டு பெண்கள். கொழும்பிலேயே இறங்கி வெளியே போகிறவர்கள் பாதிப் பேர் இருந்தால் அதிகம். ஐம்பது நிமிஷப் பயணத்துக்கு இவர்கள் கொடுத்த காசில் அந்தச் சின்ன விமானத்துக்கு ஒன்றும் மிஞ்சாது, ஆனால் இவர்கள் இல்லாவிட்டால் ரியாத், பாரிஸ், மெல்போர்ன் விமானங்கள் காற்று வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

இப்போது தடங்களைத் திசை திசையாகப் பார்ப்போம். வடக்கே இந்தியா, அதுதான் முதுகெலும்பு. சென்னைக்கு ஒரு நாளைக்கே பலமுறை போகிறது. ஒரு காலத்தில் இந்தியாவுக்குள் வாரத்துக்கு மிக அதிகமாக விமானம் விட்ட வெளிநாட்டு நிறுவனமே ஸ்ரீலங்கன்தான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 2017-இல் ஒரே ஜூலை மாதத்தில் விசாகப்பட்டினம், ஹைதராபாத், கோயம்புத்தூர் என்று மூன்று ஊரைத் திறந்தார்கள். கோவைக்காரர்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அது நின்றும் போனது. புத்த கயாவுக்கும் விமானம் விடுவார்கள், அது யாத்திரைக் காலத்துக்கு. மேற்கே தென்மேற்கே மாலத்தீவு. மாலேக்குத் தினமும் பல நடை, ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. 2016 கடைசியில் அட்டு தீவிலுள்ள கான் விமான நிலையத்துக்கும் ஆரம்பித்தார்கள். ஐரோப்பியர்கள் ஒரு வாரம் கண்டி, காலி, ஒரு வாரம் மாலத்தீவு என்று சேர்த்து வருகிற பழக்கம் பல வருஷமாக உண்டு, அந்த இணைப்பு ஸ்ரீலங்கனுக்குக் கையில் இருக்கிற சொத்து.

வளைகுடாவில் துபாய், தோஹா, ரியாத், தம்மாம், குவைத். இவை வேலைக்குப் போகிறவர்களின் தடங்கள், இலங்கைக்கு வெளிநாட்டுப் பணம் கணிசமாக வருவதும் இந்த வழியில்தான். கிழக்கே சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், டோக்கியோவுக்கு நரிட்டா, சீனாவில் குவாங்சோ மாதிரி ஊர்கள், கொரியாவில் இஞ்சான். ஐரோப்பாவில் இப்போது சொல்லிக்கொள்கிற மாதிரி இருப்பது லண்டனும் பாரிஸும்தான். தெற்கே மெல்போர்ன், சிட்னி. தாங்களே போகாத ஊர்களுக்கு ஒன்வேர்ல்டு கூட்டணி. 2014 மே 1-ஆம் தேதி அதில் சேர்ந்தார்கள், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து அதில் சேர்ந்த முதல் நிறுவனம் இவர்கள்தான். அதனால் டோக்கியோவுக்கு அப்பால் ஜப்பான் ஏர்லைன்ஸ், கோலாலம்பூருக்கு அப்பால் மலேசியா ஏர்லைன்ஸ் என்று ஒரே டிக்கெட்டில் போட்டுவிடலாம், பெட்டியும் கடைசி ஊருக்கே போகும்.

இங்கே ஒரு விஷயம், வரைபடத்தை எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். தமிழ்நாட்டிலிருந்து கொழும்பு தெற்கே இருக்கிறது. மெல்போர்ன் போகிறவருக்குக் கொழும்பு போகிற வழியிலேயே கிடக்கிறது, சுற்று என்றே சொல்ல முடியாது. ஆனால் லண்டன் போகிறவர் முதலில் ஒரு மணி நேரம் தெற்கே போய், இறங்கி, காத்திருந்து, மறுபடி நம் தலைக்கு மேலேயே வடமேற்காகத் திரும்பிப் போகவேண்டும். துபாய், தோஹா வழியாகப் போனால் அந்தத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை இல்லை. என் வாடிக்கையாளர்களிடம் நான் எப்போதும் சொல்வது, கிழக்கே தெற்கே போகிறீர்களா, கொழும்பைத் தாராளமாகப் பாருங்கள், மேற்கே என்றால் விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் பாருங்கள். 2017 அக்டோபர் கடைசியில் மெல்போர்ன் ஆரம்பித்தபோது தொழிலில் இருக்கிற சிலர் சிரித்தார்கள். மெல்போர்னில் இலங்கைக்காரர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள், இந்திய மாணவர்கள் எத்தனை பேர் போகிறார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் சிரிக்கவில்லை. ஆரம்பித்தவற்றில் உருப்படியாக நின்ற தடம் அதுதான். அதே சமயம் ஐரோப்பாவில் பிராங்க்பர்ட், பாரிஸ் இரண்டையும் 2016-இல் மூடினார்கள். பாரிஸ் 2021-இல் திரும்பி வந்தது, பிராங்க்பர்ட்டும் கொஞ்ச காலம் வந்து போனது. யாழ்ப்பாணத்துச் சனம் பாரிஸில் இருக்கிறவரை அந்தத் தடத்துக்கு ஆள் பஞ்சம் வராது என்பது என் அபிப்பிராயம்.

எல்லாமே கொழும்பிலிருந்துதானா என்று கேட்டீர்கள். ஆமாம், ஆனால் ஒரு காலத்தில் இல்லை, அதாவது இல்லை என்று ஆக்கப் பார்த்தார்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அம்பாந்தோட்டைப் பக்கம் மத்தள என்ற இடத்தில் காட்டை அழித்து ஒரு சர்வதேச விமான நிலையம் கட்டி, அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவின் பெயரையே வைத்து, 2013 மார்ச் 18-இல் திறந்தார்கள். அது அவருடைய சொந்த மாவட்டம். இரண்டாவது ஹப் என்று சொல்லி, ஸ்ரீலங்கன் தன் வெளிநாட்டு விமானங்கள் சிலவற்றை அந்த வழியாக விடவேண்டியதாயிற்று. கொழும்பிலிருந்து கிளம்பி, இருநூறு கிலோமீட்டர்கூட இல்லாத மத்தளையில் இறங்கி, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினால் எவ்வளவு எரிபொருள் வீண் என்று யோசியுங்கள். விமானத்துக்கு ஏறுவதும் இறங்குவதும்தான் செலவு. இயந்திரமும் சக்கரமும் தேய்வது எத்தனை மணி நேரம் பறந்தது என்பதோடு எத்தனை தடவை இறங்கியது என்பதையும் பொறுத்தது. 2015 ஜனவரி 8-இல் தேர்தல், ராஜபக்ச தோற்றார், அதே மாதத்தில் ஸ்ரீலங்கன் மத்தளையை விட்டுக் கிளம்பியது. ஒரு நாள்கூட அதிகம் இருக்கவில்லை என்பதிலிருந்தே அவர்களுக்கு அது எவ்வளவு பாரமாக இருந்தது என்று தெரியும். அப்புறம் அந்த நிலையத்தின் சரக்குக் கிடங்கில் நெல் மூட்டை அடுக்கினார்கள். ஓடுதளத்துக்குள் யானை, மயில், மாடு வருகிறது என்று 2016-இல் முந்நூறு பேருக்கு மேல் போலீசையும் ராணுவத்தையும் விட்டுப் பட்டாசு வெடித்து விரட்டினார்கள்.

கட்டுநாயக்கவும் ஒன்றும் பெரிய சாம்ராஜ்யம் இல்லை. ஒரே ஓடுதளம். 2017-இல் அதற்குப் புதுத் தார் போட மூன்று மாதம் பகல் முழுக்க மூடினார்கள், அத்தனை விமானத்தையும் இரவிலும் விடியற்காலையிலும் திணித்தார்கள், அந்த மூன்று மாதம் கனெக்ஷன் போட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டால் அழுவார்கள். பயணிகள் முனையம் வருஷத்துக்கு அறுபது லட்சம் பேருக்காகக் கட்டியது, நல்ல வருஷத்தில் ஒரு கோடிப் பேர் வந்து போகிறார்கள். இரண்டாவது முனையம் ஜப்பான் கடனில் ஆரம்பித்து நாடு திவாலானபோது நின்றது. மாறிப் போகிறவர்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலிலேயே மறுபடி நடக்கும், அதனால் கொழும்பில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் நான் டிக்கெட் போடவே மாட்டேன்.

சரி, நஷ்டம். இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் முதல் விமானம் கிளம்பியது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948 பிப்ரவரியில், ஆக நாட்டைவிட விமான நிறுவனம் இரண்டு மாதம் மூத்தது. டகோட்டா விமானம், பெயர் சீதாதேவி, பாதை கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து மெட்ராஸ். கவனித்தீர்களா, இவர்களுடைய முதல் வெளிநாட்டு ஊரே நம்ம மெட்ராஸ்தான், அதுவும் யாழ்ப்பாணம் வழியாக. அதற்குப் பிறகு ஏர் சிலோன் கூட்டாளி மாற்றிக்கொண்டே இருந்தது: ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று, அப்புறம் டச்சுக்காரர்களின் கேஎல்எம், அப்புறம் பிரிட்டிஷ் பிஓஏசி, கடைசியில் பிரெஞ்சு யூடிஏ. 1978-இல் மூடிவிட்டு, 1979-இல் ஏர் லங்கா என்று புதிதாக ஆரம்பித்தார்கள், அப்போது கைகொடுத்தது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், முதலில் வந்த இரண்டு போயிங் 707-ம் அவர்களிடமிருந்துதான். பிறகு டிரைஸ்டார் என்ற மூன்று இயந்திர விமானங்கள் வந்தன, குவாண்டாஸிடமிருந்து வந்த இரண்டு ஜம்போக்களுக்கு விஜய, திஸ்ஸ என்று ராஜாக்களின் பெயர் வைத்தார்கள். சின்ன நாட்டுக்கு ஜம்போ எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருப்பார்கள். அவையும் நிலைக்கவில்லை.

1998-இல் எமிரேட்ஸ் 40 சதவீதப் பங்கை வாங்கியது, நிர்வாகமும் பத்து வருஷத்துக்கு அவர்களிடம். பெயரை ஸ்ரீலங்கன் என்று மாற்றினார்கள், வாலில் மயிலைப் புதிதாக வரைந்தார்கள், ராவணனுடைய பறக்கும் மயில் வாகனம் என்று அங்கே சொல்கிற கதையிலிருந்து வந்தது அது. கூடவே புது ஏ330 விமானங்கள். 2001 ஜூலை 24 அதிகாலையில் விடுதலைப் புலிகள் கட்டுநாயக்கவைத் தாக்கினார்கள். பக்கத்திலிருந்த விமானப்படைத் தளத்தோடு சேர்த்து ஸ்ரீலங்கனின் பெரிய விமானங்களும் எரிந்தன. கொஞ்ச விமானம் வைத்திருக்கிற நிறுவனத்துக்கு ஒரே காலையில் இத்தனை போனால் என்ன ஆகும். கொழும்புக்கு வரும் எல்லா விமானத்துக்கும் போர்க்கால இன்சூரன்ஸ் எகிறியது. அதிலிருந்தும் மீண்டு எமிரேட்ஸ் நிர்வாகத்தில் லாபம் காட்டினார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அது முடிந்த விதம் இன்னும் ஆச்சரியம். 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்ப ஜனாதிபதிக்கும் பரிவாரத்துக்கும் 35 இருக்கை வேண்டும் என்றார்கள். டிக்கெட் வாங்கிய பயணிகளை இறக்கிவிட்டு இடம் தர முடியாது என்று நிறுவனம் சொன்னது. தலைமை அதிகாரியாக இருந்த பீட்டர் ஹில்லின் வேலை அனுமதி ரத்தானது. 2008 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தபோது எமிரேட்ஸ் புதுப்பிக்கவில்லை, 2010-இல் தன் பங்கையும் அரசாங்கத்துக்கே விற்றுவிட்டுப் போனது. இதற்கு நடுவில் மிஹின் லங்கா என்று அரசாங்கமே இன்னொரு மலிவு விமான நிறுவனத்தை 2007-இல் தொடங்கி, அதுவும் கடனில் மூழ்கி, 2016-இல் ஸ்ரீலங்கன் தலையிலேயே கட்டினார்கள். 2008-க்குப் பிறகு நஷ்டமே வழக்கமாகிவிட்டது.

பாதைகள் தப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாய்க்கால் நன்றாகத்தான் வெட்டியிருக்கிறது. ஓட்டை இருப்பது விமானங்களின் வாடகையில். 2013-இல் ஏ330-300-ம் ஏ350-ம் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஏ330-கள் வந்தன. ஏ350 பிரமாதமான விமானம், சந்தேகமில்லை, ஆனால் அது பதினைந்து மணி நேரம் போகிறவனுக்கான விமானம், இவர்களுடைய மிக நீண்ட தடமே பதினோரு மணி நேரம் வாக்கில்தான். 2015-இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்றார்கள். வாடகைக்குப் பேசிய விமானத்தை வேண்டாம் என்று சொன்னால் சும்மா விடுவார்களா, பல கோடி டாலர் நஷ்டஈடு கட்டினார்கள், ஒரு விமானமும் கைக்கு வராமல். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தின கதை.

அந்த ஒப்பந்தத்தின் வாடை 2020 ஜனவரியில் வெளியே வந்தது. ஏர்பஸ் நிறுவனம் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்த விவகாரத்தில் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அதிகாரிகளோடு சமரசம் செய்து 360 கோடி யூரோ அபராதம் கட்டியது. பிரிட்டிஷ் நீதிமன்ற ஆவணத்தில் ஸ்ரீலங்கன் பெயரும் இருந்தது. விமானக் கொள்முதலில் செல்வாக்கு உள்ள ஒருவரின் மனைவி பெயரிலான கம்பெனிக்கு 1.68 கோடி டாலர் வரை தருவதாகப் பேசி, 20 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டதாக அதில் வருகிறது.

அதிகமாகிவிட்ட விமானங்களை என்ன செய்தார்கள் தெரியுமா? 2016 ஆகஸ்டில் பாகிஸ்தான் பிஐஏ லண்டனுக்குப் பிரீமியர் சேவை என்று விளம்பரம் பண்ணி ஆரம்பித்தது. அதில் பறந்தது ஸ்ரீலங்கனிடமிருந்து பைலட்டோடு வாடகைக்கு எடுத்த ஏ330. தங்களுக்கே வாடகை கட்ட முடியாத விமானத்தைப் பக்கத்து நஷ்டக்காரருக்கு உள்வாடகைக்கு விட்டது, என்னைப் பொறுத்தவரை அந்தச் சூழ்நிலையில் அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். இவர்கள் டிக்கெட் விற்கிற காசில் கணிசமான பகுதி ரூபாயில் வருகிறது, வாடகை, எரிபொருள், உதிரி பாகம் எல்லாம் டாலரில் போகிறது. 2022-இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது, விமானம் நிறைந்து போனாலும் கடன் தானாகவே வீங்கியது. அரசாங்க உத்தரவாதத்தோடு வெளியிட்ட 17.5 கோடி டாலர் கடன்பத்திரமும் அதே வருஷம் கட்ட முடியாமல் நின்றது. கொழும்பில் விமான எரிபொருளே இல்லை. மெல்போர்ன், பிராங்க்பர்ட் போகிற பெரிய விமானங்கள் கொழும்பிலிருந்து கிளம்பி, திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ சென்னையிலோ இறங்கி, டாங்கை நிரப்பிக்கொண்டு போயின. சென்னைக்கு வருகிற சின்ன விமானம் திரும்புவதற்குத் தேவையானதற்கு மேலேயே நிரப்பிக்கொண்டு போகும். ஒரு வாடிக்கையாளர் கேட்டார், நான் சென்னையிலிருந்து கொழும்பு போய் ஏறினேன், அந்த விமானம் மறுபடி சென்னைக்கே வந்து ஒரு மணி நேரம் நிற்கிறதே, என்னை இங்கேயே ஏற்றியிருக்கக் கூடாதா என்று. நியாயமான கேள்வி. ஆனால் எரிபொருளுக்காக மட்டும் இறங்குகிற இடத்தில் ஆளை ஏற்ற அனுமதி கிடையாது.

அந்த நெருக்கடியிலும் நிறுவனத்தை முழுசாக மூடாததற்குக் காரணம், விமானத்துக்கு வெளியே அவர்களுக்கு வருகிற வருமானம். கட்டுநாயக்கவில் எந்த நாட்டு விமானம் இறங்கினாலும் பெட்டி இறக்குவது, ஏணி போடுவது எல்லாம் ஸ்ரீலங்கன் ஆட்கள்தான், வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை. விமானத்துக்குள் சாப்பாடு போடுவது அவர்களுடைய கேட்டரிங் கம்பெனி, அது நல்ல லாபம் பார்க்கிற இடம். வாங்க வருகிறவர்கள் கண்ணும் அங்கேதான் இருக்கும். 2024-இல் பங்கை விற்க ஏலம் கேட்டார்கள், ஆறு பேர் விண்ணப்பித்தார்கள், ஏர்ஏசியாவின் ஆலோசனைக் கம்பெனியைத் தவிர பெரிய விமான நிறுவனம் என்று சொல்ல அதில் யாரும் இல்லை. அதே வருஷம் செப்டம்பரில் அநுரகுமார திசாநாயக்க ஆட்சிக்கு வந்ததும் விற்கப்போவதில்லை என்று முடிவானது. தேசிய விமானம், வாலில் மயில், பணிப்பெண்களின் நீலமும் பச்சையுமான ஒசரி என்கிற கண்டிப் புடவை, ஆயுபோவன், வணக்கம் என்கிற வரவேற்பு, இதெல்லாம் இருக்கும்போது விற்கிறேன் என்று சொல்வது எந்த அரசியல்வாதிக்கும் கஷ்டம். ஏர் இந்தியாவை டாடாவிடம் கொடுத்து முடிக்க நமக்கே எத்தனை வருஷம் ஆனது, 2022 ஜனவரி வரை இழுத்தது.

இனிமேல் என்ன என்றால், எனக்குக் கவலை வாய்க்காலைப் பற்றித்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, கொழும்பு வழியாக அங்கே போக யாரும் இப்போது கேட்பதில்லை. இண்டிகோ ஐரோப்பாவுக்கே போக ஆரம்பித்துவிட்டது. நம் ஆட்களை நம்பி ஓடுகிற ஹப்புக்கு, நம் ஊரிலேயே நேரடி விமானம் வருவதுதான் பெரிய அடி. மிஞ்சுவது ஆஸ்திரேலியா, மாலத்தீவு, சவூதியின் சில ஊர்கள், ஜப்பான், அப்புறம் இலங்கைக்கே போகிறவர்கள். அதற்குப் பதினைந்து நல்ல விமானம் போதும் என்பேன், அவை எல்லாம் ஒழுங்காகப் பறக்கிற நிலையில் இருந்தால்.

கடைசியாக, யாழ்ப்பாணம் போக ஸ்ரீலங்கன் இருக்கிறதா என்று இதே கேள்வியோடு சேர்த்து நிறையப் பேர் கேட்பார்கள். இல்லை. பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, ஆனால் ஓடுதளம் சின்னது, புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் மாதிரி விமானம்தான் வசதி, ஸ்ரீலங்கனிடம் அது ஒன்றுகூட இல்லை. முதலில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து போனது, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது, 2025-இல் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விட ஆரம்பித்தது. சீதாதேவி டகோட்டா போன அந்தப் பாதைக்கு இப்போது நான் டிக்கெட் போட்டால் வருகிற பிஎன்ஆர் இண்டிகோவுடையது.